நடைமேடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ரயில் நிலையமும் கூடவே வந்திருக்க வேண்டும், வரவில்லை. சரி, அது பழைய கதை. இப்போது பேச வேண்டியது தண்டவாளத்தைப் பற்றி.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு நிறுத்தம், ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க ஆகாய நடைபாதை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்ரயில்களில் பல தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. பெட்டி படுக்கையோடு தென்மாவட்ட பஸ்ஸுக்கு வருகிறவர் அங்கே இறங்கி அடுத்த செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தால், நிலையம் கட்டியும் என்ன பலன்?

தாம்பரத்தோடு திரும்பும் வண்டிகளைக் கிளாம்பாக்கம் வரை நீட்டலாம். அதற்கு வண்டியை ஒதுக்கி நிறுத்தித் திருப்பி அனுப்ப ஒரு தனி லூப் பாதையும், அதற்கேற்ற சிக்னலும் தேவை. தாம்பரத்துக்கு வடக்கே மின்ரயிலுக்கென்று தனிப் பாதை உண்டு. தெற்கே அப்படியில்லை, எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டிகளோடு சேர்ந்தே ஓட வேண்டும். லூப் இல்லாமல் இங்கே ஒரு வண்டி பத்து நிமிடம் நின்றால் பின்னால் வருவதெல்லாம் தேங்கும். தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு இடம் விட்டுத்தான் எதையும் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அப்புறம், தீபாவளி, பொங்கல் கூட்டத்தை மனதில் வைத்து நடைமேடையில் படிக்கட்டை அகலமாகக் கட்டுங்கள். லிஃப்ட் ஒன்று போதாது.

வாசகர்,
ஊரப்பாக்கம்