49 பாரன்ஹீட் ஏறினால் 9 செல்சியஸ் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் 'இதே நாளில்' பகுதியில், ஜனவரி 22-க்கான குறிப்பில், '1943-இல் அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் நகரில் இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது' என்று அச்சாகியிருக்கிறது. உயர்ந்தது 27 டிகிரி. வெறும் 9 டிகிரி என்றால் எண்பது ஆண்டுகளாக அதை யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பிழை எப்படி நுழைந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. மூலத்தில் '49 டிகிரி பாரன்ஹீட் ஏற்றம்' என்று இருந்திருக்கும். அதை இணையக் கணிப்பானில் போட்டால், 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து 9.4 என்று காட்டும். வெப்பநிலையை மாற்றுவதற்கு அந்தக் கணக்கு சரி. ஏற்ற இறக்கத்தை மாற்றும்போது 32-ஐத் தொடவே கூடாது. 49-ஐ ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் போதும், 27.2 வரும். சந்தேகமென்றால் இரு முனைகளையும் தனித்தனியே மாற்றிப் பாருங்கள். அன்று காலை 7.30 மணிக்கு அங்கே மைனஸ் 4 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 20 செல்சியஸ். 7.32-க்கு 45 பாரன்ஹீட், அதாவது 7.2 செல்சியஸ். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொருளைக் கீழே காய்கறித் தட்டில் வைத்தால் எவ்வளவு வித்தியாசமோ, ஏறக்குறைய அவ்வளவு. ஊருக்கே அது இரண்டு நிமிடத்தில் நடந்தது.

குறிப்பில் விட்டுப்போன மறுபாதிதான் எனக்கு இன்னும் சுவையானது. ஒன்பது மணிக்கு 54 பாரன்ஹீட் (12.2 செல்சியஸ்) வரை போன வெப்பம், அடுத்த 27 நிமிடங்களில் பழைய மைனஸ் 4-க்கே இறங்கிவிட்டது. 58 பாரன்ஹீட் வீழ்ச்சி. செல்சியஸில் 32 டிகிரி. கடைகளின் கண்ணாடிகள் விரிசல் விட்டது இந்த இறக்கத்தில்தான்.

காரணம் சினூக் என்னும் காற்று. மேற்கிலிருந்து ராக்கி மலைத்தொடரைத் தாண்டும் காற்று தன் ஈரத்தை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. இறங்க இறங்க அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாகிறது. ஆனால் அது மட்டும் இருந்தால் இரண்டு நிமிட வேகம் வராது. ஸ்பியர்ஃபிஷ் அமைந்திருக்கும் பிளாக் ஹில்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் ஆர்க்டிக் குளிர்காற்று கனமாக, ஆழமில்லாமல் தேங்கிக் கிடந்தது. அதன் மேல் வெப்பக்காற்று. தாம்பாளத்துத் தண்ணீர் அலம்புவதுபோல் இந்தக் குளிர்ப்படலம் முன்னும் பின்னும் அசைய, அதன் விளிம்பு ஒரு ஊரைத் தாண்டும்போதெல்லாம் அங்கே வெப்பநிலை குதித்தது, விழுந்தது. அன்று மேட்டிலுள்ள லீட் நகரில் 52 பாரன்ஹீட் இருந்த நேரத்தில், ஒன்றரை மைல் தள்ளிப் பள்ளத்தாக்கிலுள்ள டெட்வுட்டில் மைனஸ் 16.

இத்தகைய பகுதியைத் தொகுப்பவர்கள் கவனிக்க இன்னும் சில.

பனிப்பொழிவுச் சாதனைகளில் தவறு வேறு வழியாக வரும். விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கும். வெள்ளைப் பலகை ஒன்றைத் தரையில் வைத்து, அதில் சேர்ந்ததை அளந்து, துடைத்துவிட்டு மறுபடி வைப்பது வழக்கம். அடிக்கடி துடைத்தால் ஒவ்வொரு தடவையும் அமுங்காத புதுப்பனியே அளவில் விழும், கூட்டுத்தொகை வீங்கிவிடும். ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க விதி. 1997 ஜனவரி 11-12-இல் நியூயார்க் மாநிலத்தின் மான்டேகுவில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் அளந்தார்கள். 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான 75.8 அங்குலத்தை அது மிஞ்சியது. ஆனால் நான்கு முறைக்குப் பதில் ஆறு முறை அளந்திருந்தார்கள். சாதனை தள்ளுபடி ஆனது. பழைய பட்டியல்கள் சிலவற்றில் அந்த 77 இன்னும் உட்கார்ந்திருக்கும்.

கடுங்குளிர் எண்களில் கருவியே எல்லையாகிவிடும். பாதரசம் மைனஸ் 38.8 செல்சியஸில் உறைந்துவிடும் என்பதால் அதற்குக் கீழே ஆல்கஹால் வெப்பமானிதான். 1947 பிப்ரவரி 3-இல் கனடாவின் யூக்கான் பகுதியில் ஸ்னாக் விமானத்தள நிலையத்தில் ஆல்கஹாலும் கோடு போட்ட கடைசி அளவான மைனஸ் 80 பாரன்ஹீட்டைத் தாண்டி இறங்கியது. நின்ற இடத்தில் அடையாளம் இட்டு, கருவியை டொரன்டோவுக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகே மைனஸ் 81.4 (மைனஸ் 63 செல்சியஸ்) என்பது ஏற்கப்பட்டது. வட அரைக்கோளத்தின் உச்சக் குளிருக்கு சைபீரியாவின் மைனஸ் 67.8 செல்சியஸைச் சொல்லும் நூல்களும் இப்போது பழையவை: கிரீன்லாந்தின் கிளிங்க் தானியங்கி நிலையம் 1991 டிசம்பர் 22-இல் பதிந்த மைனஸ் 69.6-ஐ உலக வானிலை அமைப்பு 2020-இல்தான் அங்கீகரித்தது.

தேதியும் நம்பத்தக்கதல்ல. 1703-இல் இங்கிலாந்தைச் சூறையாடி, எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை அதைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லியோடு சேர்த்துக் கடலில் வீழ்த்திய பெரும்புயல், அந்நாட்டின் அன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 26-27. இன்றைய நாட்காட்டிப்படி 11 நாள் தள்ளி டிசம்பர் 7-8. தொகுப்பவர் எதைப் பின்பற்றுகிறார் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டால், ஒரே புயல் இரு மாதங்களில் வராது.

'24 மணி நேரத்தில்' என்பதும் பெரும்பாலும் இரண்டு தேதிகளில் கால் வைத்திருக்கும். உதாரணம் ஜனவரி 23: 1916-இல் மொன்டானாவின் பிரவுனிங்கில் 44 பாரன்ஹீட்டிலிருந்து மைனஸ் 56 வரை சரிந்தது 23-24-இல். அடுத்த ஆண்டு இதைச் சேர்ப்பதாக இருந்தால், வீழ்ச்சி 100 பாரன்ஹீட்; கணிப்பான் சொல்லப்போகும் 37.8-ஐ விட்டுவிட்டு, 55.6 டிகிரி செல்சியஸ் என்று போடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி