அந்தக் காதை வரைய வேண்டாம்

காவேரிப்பட்டணம்,
டிசம்பர் 9

ஆசை மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். ராகி அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. மா இன்னும் பூ எடுக்கவில்லை.

போனில் நீ கேட்டதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் படநோட்டை ஸ்கேன் செய்யும்போது, மூன்றாம் பக்கத்து முகத்துக்கு வலது காது இல்லை, சட்டைக் காலரும் பாதியில் நிற்கிறது, கம்ப்யூட்டரில் முடித்துவிடட்டுமா என்றாய். வேண்டாம் கண்ணு.

மற்ற பக்கங்களை உனக்கு ஓரளவு தெரியும். 1971-இல், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தேன். நவம்பர் 13 அன்று விசாகப்பட்டினத்தை விட்டு ரகசியமாகக் கிளம்பி, அந்தமான் பக்கம் ஒதுங்கினோம். எங்களைத் தேடிவந்த காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி, நாங்கள் இல்லாத விசாகப்பட்டினத்து வாசலிலேயே மூழ்கிப்போனது. டிசம்பர் 4 அன்று எங்கள் சீ ஹாக் போர் விமானங்கள், அப்போது கிழக்கு பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரைத் தாக்கப் புறப்பட்டன. கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் கிடையாது. விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும், அதற்குக் கப்பல் காற்றைப் பார்த்து ஓட வேண்டும். தளத்தின் விளிம்பைத் தாண்டியதும் விமானம் லேசாகத் தாழும். எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அப்புறம்தான் மேலேறும். அந்தத் தாழ்வைத்தான் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறேன். இரவில் விளக்கு கூடாது; டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்வேன். அந்த வெளிச்சத்தில் சிவப்புப் பென்சில் கோடு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் எல்லாம் கறுப்பு.

மூன்றாம் பக்கம் போருக்கு முன்னால், கொச்சியில் வரைந்தது. என்னோடு பயிற்சி எடுத்தவன். இருபது நிமிடம் ஆடாமல் உட்கார்ந்தான், படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான். பிறகு அவனுக்குக் குக்ரி என்ற போர்க்கப்பலில் வேலை. டிசம்பர் 9 இரவு, டையூ கடற்கரைக்கு அப்பால், ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு வரவில்லை. என் நண்பனும் வரவில்லை.

பிறகு எத்தனையோ முறை பென்சிலைச் சீவிக்கொண்டு அந்தப் பக்கத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன். அவன் சிரிப்பு நினைவிருக்கிறது, நடை நினைவிருக்கிறது. அந்தக் காது மட்டும் வரவில்லை. பார்க்காததை வரைந்தால் அது வேறொருவன் காது.

ஏரிக்கரையில் வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகல்லை, அதில் செதுக்கிய வீரனை, சின்ன வயதில் நீ தொட்டுப் பார்த்திருக்கிறாய். அடுப்புக்கரியால் நான் முதன்முதலில் வரைந்தது அந்த வீரனைத்தான். கையில் வில் தெளிவாக இருக்கும், மூக்கு தேய்ந்து மழுங்கிப்போயிருக்கும். எண்ணெய் தடவுகிறார்கள், மஞ்சள் பூசுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். மூக்கை இதுவரை யாரும் செதுக்கவில்லை.

டையூவில் குக்ரிக்கு நினைவிடம் இருக்கிறது, கண்ணாடிக்குள் கப்பலின் சிறு உருவம் வைத்திருக்கிறார்கள். அதன் முன் நின்றபோது எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் இருக்கிறபடியே ஸ்கேன் செய், ஓரத்தில் இருக்கும் டீக்கறையையும் சேர்த்து. அவன் டம்ளர் வைத்த இடம் அது. பொங்கலுக்கு வரும்போது நோட்டைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதே, கைப்பையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா