மூழ்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடுங்குளிரில் மின்தடையை இழக்கும் கம்பிகளால் ஆன மீக்கடத்துக் காந்தங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவை திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிகளில் பலவற்றுக்கு அது பொருந்தும்; மிகப் பெரிய காந்தங்களுக்கு அந்த விளக்கம் போதாது.

பிரான்சில் உருவாகிவரும் இட்டெர் அணுக்கரு இணைவு உலையின் காந்தங்களில், உலோக உறைக்குள் முறுக்கி அடைக்கப்பட்ட மீக்கடத்திக் கம்பிகளின் இடுக்குகள் வழியே, ஏறத்தாழ 4.5 கெல்வின் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையிலுள்ள ஹீலியத்தை உயர் அழுத்தத்தில் ஓடவிடும் முறை பின்பற்றப்படுகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கும் ஹீலியத்தின் ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 21 ஜூல் வெப்பமே போதும். தண்ணீருக்குத் தேவைப்படுவதில் இது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஆகவே சிறிதளவு வெப்பம் கசிந்தாலும் குமிழிகள் தோன்றி, குறுகிய பாதையில் ஓட்டம் தடுமாறலாம். திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் மாறுநிலை அழுத்தமான சுமார் 2.3 பாருக்கு மேல் வைத்திருந்தால் ஹீலியம் கொதிப்பதே இல்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஹீலியத்தைத் தள்ளும் பம்பின் உழைப்பே வெப்பமாக மாறுவதால், அதையும் சேர்த்தே குளிரூட்டும் ஆலை அகற்றியாக வேண்டும். கட்டுரையாளர் அவசியம் தொட்டிருக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் துகள் முடுக்கி வேறு வழியில் செல்கிறது. அங்கே 1.9 கெல்வினில் மீப்பாய்மமாகிவிட்ட, அதாவது உராய்வின்றிப் பாயும் நிலையை அடைந்த ஹீலியம், தான் பெரிதாக ஓடாமலேயே வெப்பத்தை வியக்கத்தக்க திறனுடன் கடத்திவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்