கண்புரை அறுவைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்கான நுண்துளை அறுவை சிகிச்சைகளைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையை, அந்நோய்க்காக இரு கண்களிலும் இரு வேறு முறைகளில் அறுவை செய்துகொண்டவன் என்ற முறையில் அக்கறையோடு படித்தேன். தகவல்களில் பெரிய பிழை இல்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கும் ஒருவர், சொட்டு மருந்து சலித்துப்போனால் என்றைக்கு வேண்டுமானாலும் போய் கண் நீரை வடியவிடும் நுண்கருவியான ஸ்டென்ட் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வரலாம் என்றே எண்ணிக்கொள்வார். இச்சிகிச்சைகளில் பலவற்றுக்கு உகந்த வேளை கண்புரை அறுவைதான் என்பதைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. அந்த வரியைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கடிதம்.

கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் சுரக்கும் நீர், கருவிழியும் (கார்னியா) அதன் பின்னுள்ள நிறத்திரையான கதிராளியும் (ஐரிஸ்) சேரும் கோணத்தில் சல்லடைபோல் அமைந்த திசுவின் வழியே ஷ்லெம் கால்வாய் என்ற நுண்வடிகாலில் இறங்கி, அங்கிருந்து சிரைகளில் கலக்கிறது. அந்தச் சல்லடை அடைபடும்போது அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. மடிந்த இழைகளை எந்த அறுவையும் மீட்டுத் தராது. எஞ்சியிருப்பதைக் காப்பதே எல்லா முறைகளின் நோக்கமும். 1968-இல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிரபெக்குலெக்டமி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு மூடியைப் போல வெட்டி நீருக்குப் புதுவழி அமைக்கிறது. நுண்துளை முறைகளோ, கருவிழியின் ஓரத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. அளவே உள்ள துளை வழியாக உள்ளே சென்று, பெரும்பாலும் இயற்கையான வடிகாலையே திறந்துவிட முயல்கின்றன. 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐ-ஸ்டென்ட் 1 மி.மீ. நீளமுள்ள டைட்டானியக் குழாய். 2018-இல் வந்த ஹைட்ரஸ் 8 மி.மீ. நீளத்தில் கால்வாயின் வளைவுக்கேற்ப வளைந்து நிற்பது. இவ்விரண்டும் முதலில் ஒப்புதல் பெற்றதே, கண்புரை அறுவையோடு சேர்த்துப் பொருத்துவதற்காகத்தான்.

என் வலக்கண்ணில் புரை நீக்கியபோது நான் இரண்டு வகைச் சொட்டு மருந்துகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று அறுவை செய்த இடத்தில் என் கோணத்தை யாரும் பார்க்கவில்லை. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த சிறு லென்ஸைக் கருவிழியின் மேல் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி என்ற அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். புரை நீங்கிப் பார்வை பளிச்சென்று வந்ததில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அழுத்தம் பின்னர் ஏறிக்கொண்டே போய், பார்வைப் புலம் மூக்குப் பக்கமாகக் குறுகத் தொடங்கிய பிறகு டிரபெக்குலெக்டமி செய்ய வேண்டியதாயிற்று. அதன் பின் வாரக்கணக்கில் மருத்துவமனைக்கு நடந்தேன். தையல்களை ஒவ்வொன்றாக லேசரால் தளர்த்தினார்கள். மேலிமைக்கடியில் நீர் தேங்கும் ஒரு சிறு கொப்புளம் இன்றும் இருக்கிறது. கண் சிவந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஆயுள் முழுமைக்குமானது. அன்றே ஸ்டென்ட் வைத்திருந்தால் இதெல்லாம் நேர்ந்திராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கேள்வியே எழவில்லை என்பதுதான் என் மனக்குறை.

இடக்கண்ணுக்கு வேறொரு மருத்துவர் பார்த்தார். புரையை எடுத்து லென்ஸ் வைத்த கையோடு, என் தலையை ஒரு பக்கமாகத் திருப்பச் சொல்லி, நுண்ணோக்கியைச் சாய்த்து, சில நிமிடங்களில் ஸ்டென்டைப் பொருத்திவிட்டார். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது எல்லாம் செம்மண் கலந்த நீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. கால்வாயிலிருந்து கசிந்த சிறிதளவு இரத்தம் அது, தானே வடிந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சொன்னபடியே சில நாள்களில் தெளிந்தது. இப்போது அக்கண்ணின் அழுத்தம் இரவில் போடும் ஒரே ஒரு சொட்டு மருந்துடன் 15 மி.மீ. பாதரச அளவில் நிற்கிறது. மூன்று புட்டிகளுக்கு நேரம் பார்த்து, கூரையை அண்ணாந்து பாதி மருந்தைக் கன்னத்தில் வழியவிட்டவர்களுக்குத்தான் இந்த ஒன்றின் அருமை தெரியும்.

இதைப் படித்துவிட்டு, வலக்கண்ணுக்கும் ஸ்டென்டே போதுமாயிருந்திருக்குமே என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மதகை எவ்வளவு அகலத் திறந்தாலும், வாய்க்காலில் நிற்கும் நீர்மட்டத்துக்குக் கீழே ஏரி வடியாது. அதுபோல, கால்வாய்க்கு அப்பாலுள்ள சிரைகளுக்கென்று ஓர் அழுத்தம் இருப்பதால், ஷ்லெம் கால்வாயைத் திறக்கும் முறைகள் அழுத்தத்தைப் பெரும்பாலும் 15-ஐ ஒட்டித்தான் நிறுத்துகின்றன. நரம்பு பெரிதும் சேதமுற்று, 10 அல்லது 12-க்கு இறக்கியாக வேண்டிய கண்ணுக்கு அது போதாது. ஆகவே தொடக்க நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ள, கோணம் திறந்திருக்கும் வகை நோய்க்கே இவை பொருந்தும். கோணம் மூடிய வகையில் வழியே அடைபட்டிருக்க, ஸ்டென்டை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது? ஜென் போன்ற மென்குழாய்கள் நீரைக் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் வெளிப்படலத்தின் அடிக்குக் கொண்டுசெல்வதால் இன்னும் கீழே இறக்கக்கூடும்; ஆனால் அவற்றுக்கும் கொப்புளமும் அதன் பராமரிப்பும் உண்டு. கருவி எதையும் விட்டுவைக்காமல், ஒரு மெல்லிய நூலைக் கால்வாய்க்குள் வட்டமாகச் செலுத்தி இழுத்து அதன் உட்சுவரைத் திறந்துவிடும் முறையும் உண்டு. கட்டுரை அதைக் குறிப்பிடவேயில்லை.

‘நவீனம்’, ‘பாதுகாப்பு’ ஆகிய இரு சொற்களையும் கட்டுரை ஒட்டிப் பிறந்தவைபோல் கையாள்கிறது. 2016-இல் ஒப்புதல் பெற்ற சைபாஸ் என்ற ஸ்டென்ட், இரண்டாண்டுச் சோதனையில் நன்றாகவே தேறியது. ஐந்தாண்டுத் தரவு வந்தபோது கருவிழியின் உட்புறச் செல்கள் கூடுதலாக அழிவது தெரியவந்து, தயாரித்த நிறுவனமே 2018-இல் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இதனால் மற்றக் கருவிகள் எல்லாம் ஆபத்தானவை என்றாகிவிடாது. ஆனால் பொருத்தப்போகும் கருவிக்கு எத்தனை ஆண்டுத் தரவு உள்ளது என்று கேட்பதற்கு நோயாளி தயங்க வேண்டியதில்லை. எந்தக் கருவி எப்போது வைக்கப்பட்டது என்று குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது, எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முதலில் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

கண்புரை அறுவைக்குப் பிறகு இவற்றைச் செய்யவே முடியாது என்பதில்லை. ஆனால் அதற்காக இன்னொரு முறை கண்ணைத் திறக்க வேண்டும். நோய் மிதமாக உள்ளவரிடம் அதற்கு மருத்துவரும் தயங்குவார், நோயாளியும் தயங்குவார். புரை எடுக்கும்போதோ துளை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஆகவே, தாங்கள் இக்கட்டுரையை இணையத்தில் திருத்தி வெளியிடும்போது, அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட்டுவரும் எவரும் புரை அறுவைக்கு நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்றை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: என் கோணம் திறந்திருக்கிறதா, என் நரம்புக்கு எந்த அளவு அழுத்தம் தேவை, அதை இந்த அறுவையோடு சேர்த்தே எட்ட வழி உண்டா?

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்