மசோதா வேறு, சட்டம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசித்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, குடியரசுக் கட்சியின் அடிமட்டத் தொண்டர்களுள் ஒருவனாகக் கடந்த நான்கு கூட்டத்தொடர்களாக மசோதாக்களைப் பின்தொடர்ந்து வருபவன் நான். தங்கள் நாளிதழின் அமெரிக்கச் செய்திகளை விடாமல் படிக்கிறேன். ‘அமெரிக்காவில் புதிய சட்டம்’ என்ற தலைப்பில் வருபவற்றில் சில, சட்டமாகாதவை மட்டுமல்ல, சட்டமாகும் வாய்ப்பே இல்லாதவை. தமிழ் ஊடகங்களில் பொதுவாகவே காணப்படும் இக்குறையைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

2025 மே மாதத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஐந்து சதவீத வரி என்ற பிரிவு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் வரிவிதிப்புக் குழு வெளியிட்ட வரைவில் இடம்பெற்றது. அந்த வாரம் முழுவதும், அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் இளைஞர்களும் ஊரில் வீட்டுக்கடன் கட்டுகிறவர்களும் என்னை அழைத்து, வரி இன்றைக்கே தொடங்கிவிட்டதா என்று கேட்டார்கள். மே 22 அன்று சபை நிறைவேற்றிய வடிவத்தில் அந்த விகிதம் மூன்றரை சதவீதமாகக் குறைந்தது. மேலவையான செனட்டைக் கடந்து ஜூலை 4 அன்று அதிபர் கையெழுத்திட்டபோது அது ஒரு சதவீதமாகியிருந்தது. குடியுரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு நீங்கியிருந்தது. ரொக்கம், மணியார்டர், வங்கிக் காசோலை போன்றவற்றைக் கொடுத்து அனுப்பும் பணத்துக்கே வரி என்றும், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கு வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் அட்டைகளின் வழியாகவோ அனுப்பினால் வரி இல்லை என்றும், 2026 ஜனவரி 1 முதலே நடைமுறை என்றும் ஆகியிருந்தது. என்னை அழைத்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிறவர்கள். முதல் வடிவம் பரவிய வேகத்தில் கடைசி வடிவம் பரவியிருந்தால் அவர்கள் அந்தக் கோடைக்காலத்தை நிம்மதியாகக் கழித்திருப்பார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டினருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பை நீக்கும் எச்.ஆர். 1044 மசோதா, 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இனிப்பு வழங்கிக் கொண்டாடிய குடும்பங்களை நான் அறிவேன். அதன் இணை மசோதாவான எஸ். 386, 2020 டிசம்பரில் செனட்டிலும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. ஆனால் இரண்டும் ஒரே வாசகம் அல்ல. இரண்டு அவைகளும் சொல் மாறாமல் ஒரே வாசகத்தை ஏற்றால் மட்டுமே அது அதிபரிடம் செல்லும். அதற்குள் இரண்டு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றமான அந்தக் காங்கிரசின் ஈராண்டு ஆயுள் 2021 ஜனவரி 3 அன்று முடிந்துவிட்டதால் இரண்டு மசோதாக்களும் காலாவதியாயின. இரண்டு அவைகளிலும் வென்ற ஒரு முயற்சி எப்படிச் செத்தது என்பதை இன்றுவரை தமிழில் யாரும் நிதானமாக விளக்கி நான் படித்ததில்லை.

2025 செப்டம்பரில் இந்தக் குழப்பம் இன்னொரு வடிவம் எடுத்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணியை ஒப்படைப்பதற்கு இருபத்தைந்து சதவீத வரி விதிக்கும் மசோதாவை ஓஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ தாக்கல் செய்தார். அதே மாதத்தில் எச்1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் பிரகடனம் வெளியிட்டார். முன்னது, நூறு செனட்டர்களில் ஒருவர் மேசையில் வைத்த காகிதம். பின்னது, காங்கிரசின் வாக்கெடுப்பே இல்லாமல் நடைமுறைக்கு வந்து, நீதிமன்ற வழக்குகளைச் சந்தித்த ஆணை. என் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டும் ஒரே சட்டத்தின் இரு பிரிவுகளாகப் பகிரப்பட்டன.

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் காங்கிரசில் தாக்கலான மசோதாக்களும் தீர்மானங்களும் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். சட்டமானவை முந்நூறுக்கும் குறைவு. ஆகவே எங்களைப் போன்றவர்கள் ஒரு மசோதாவைப் பார்த்ததும் முதலில் கேட்பது, அது நல்லதா கெட்டதா என்பதை அல்ல. அது இப்போது எந்தக் குழுவில் இருக்கிறது, அதன் தலைவர் அதை விசாரணைக்கு எடுத்தாரா என்பதைத்தான். தாக்கல் செய்வது சுலபம். தொகுதிக்குக் காட்டுவதற்காகவே தாக்கலாகும் மசோதாக்கள் ஏராளம். என் கட்சியினரும் இதற்கு விலக்கல்லர்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். எங்களைத் தமிழில் ‘பழமைவாதிகள்’ என்று எழுதுகிறார்கள். அச்சொல் தமிழ்க் காதுக்குச் சடங்கு சம்பிரதாயத்தை விடாதவர் என்ற பொருளையே தருகிறது. இங்குள்ள அடிமட்டத் தொண்டரின் கவலை பெரும்பாலும் வேறு: அரசு தன் வரம்புக்குள் நிற்கிறதா, மாநிலத்துக்கு உரியதை வாஷிங்டன் எடுத்துக்கொள்கிறதா, வரிப்பணம் எங்கே போகிறது என்பவையே அது. இவ்வாறு எண்ணுகிறவருக்கு ஒரு மசோதா சட்டமாகாமல் நிற்பதும் ஒரு பலன்தான். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பழமைவாதச் செயற்பாட்டாளர் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி காட்டிய வழி அது. பெண்களுக்கான சம உரிமை என்ற அரசியல் சாசனத் திருத்தத்தை 1972 மார்ச்சில் காங்கிரஸ் பெரும் ஆதரவுடன் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிவைத்தபோது, அது நிறைவேறிவிட்டதாகவே பலரும் கருதினர். ஆனால் 38 மாநிலங்கள் ஏற்றாக வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. மாநிலத் தலைநகரங்களில் எந்த நாளில் எந்தக் குழு கூடுகிறது என்று பார்த்து திருத்தத்தை எதிர்க்க இல்லத்தரசிகளை அங்கே அனுப்பினார். கெடு முதலில் 1979, பிறகு 1982 என்று நீட்டிக்கப்பட்டும் எண்ணிக்கை 35ஐத் தாண்டவில்லை. அவருடைய நோக்கத்தை அடியோடு மறுப்பவர்கள்கூட, தோற்றது வாஷிங்டனில் அல்ல, மாநிலங்களில்தான் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

மாநிலச் சட்டமன்றங்கள் தமிழ்ச் செய்திகளில் அநேகமாக வருவதே இல்லை. இங்கு வாழும் ஒரு குடும்பத்தின் சொத்துவரியும் பள்ளிப் பாடத்திட்டமும் சாலையும் அங்குதான் தீர்மானமாகின்றன. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் கூடி, 140 நாட்களில் கலைகிறது. 2023இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் தாக்கலாகி, ஆயிரத்து இருநூற்றைச் சற்றே தாண்டியவை நிறைவேறின. எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் வாக்களித்துத் தோற்கடிக்கவில்லை, நேரம்தான் தோற்கடித்தது. 150 பேர் கொண்ட கீழவையில், அந்தந்தத் துறைக்கான பொருட்குழு ஒப்புதல் அளித்த மசோதாவை எந்த நாளில் அவைக்குக் கொண்டுவருவது என்பதை நாட்காட்டிக் குழு என்ற தனிக் குழு முடிவு செய்கிறது. மே மாத நடுப்பகுதியில் வரும் கெடுவுக்குள் அக்குழு நாள் குறிக்காவிட்டால், எத்தனை பேர் ஆதரித்தாலும் அந்தக் கீழவை மசோதாவின் கதை முடிந்தது. அந்த வாரத்தில் நாங்கள் உறுப்பினர்களை விட்டுவிட்டு அக்குழுவின் அலுவலகங்களுக்கே தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்போம்.

அதற்குப் பிறகு ஆளுநர். ஆளுநரிடம் மசோதா கிடப்பில் கிடப்பதைப் பற்றி நன்கறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம்: மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் டெக்சாஸ் ஆளுநர், கூட்டத்தொடரின்போது பத்து நாட்களுக்குள் கையெழுத்திடவோ மறுக்கவோ செய்யாவிட்டால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும், கூட்டத்தொடர் முடிந்தபின் அந்தக் கெடு இருபது நாட்கள். 2023இல் ஆளுநர் கிரெக் அபட் எழுபதுக்கும் மேற்பட்ட மசோதாக்களை மறுத்தார். அவற்றில் பலவற்றை, சொத்துவரிக் குறைப்பை முதலில் முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியே மறுத்தார்.

மசோதாவின் மூல வாசகத்தைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. நானே அதில் விழுந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சொத்துவரி தொடர்பான ஒரு மசோதாவை எதிர்த்துக் குழு விசாரணையில் பேச விடுப்பு எடுத்து மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குச் சென்றேன். தாக்கலான வடிவத்தை வரிவரியாகப் படித்து மூன்று நிமிடப் பேச்சைத் தயாரித்திருந்தேன். காலையில் பெயரைப் பதிவு செய்து, இருட்டிய பிறகு ஒலிவாங்கியின் முன் அமர்ந்தபோதுதான் தெரிந்தது: மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்று காலையிலேயே மாற்று வடிவம் ஒன்றை முன்வைத்துவிட்டார், நான் எதிர்க்க வந்த பிரிவு அதில் இல்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் பதிவை ‘எதிர்ப்பு’ என்பதிலிருந்து ‘கருத்து மட்டும்’ என்று மாற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு எழுந்தேன். அன்று முதல், எந்தத் தேதியிட்ட வடிவம் என்று கேட்காமல் நான் எந்த மசோதாவைப் பற்றியும் பேசுவதில்லை.

பொறுமைக்குப் பலன் கிடைத்த இடமும் உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு உதவும் திட்டத்தை 2023 நவம்பரில் நடந்த சிறப்புக் கூட்டத்தொடரில் டெக்சாஸ் கீழவை 84க்கு 63 என்ற வாக்குகளில் மசோதாவிலிருந்து நீக்கியது. நீக்க வாக்களித்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சியினர். கிராமப்புறத் தொகுதிகளில் அரசுப் பள்ளியே அதிகம் பேருக்கு வேலை தரும் இடம் என்பதால் அவர்களுக்கும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாக்குப் பட்டியல் ஒவ்வொரு வாக்காளர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. வேட்பாளரைத் தேர்வு செய்யும் 2024 உட்கட்சித் தேர்தலில் அந்த 21 பேரில் பலர் தோற்றனர். 2025 மே 3 அன்று அதே திட்டம், நூறு கோடி டாலர் ஒதுக்கீட்டுடன், எஸ்.பி. 2 என்ற சட்டமாகக் கையெழுத்தானது. இதை ஒரே நாள் செய்தியாக மட்டும் படித்தவருக்கு 2023இன் தோல்வியும் தெரியாது, 2024இன் பழிவாங்கலும் தெரியாது.

என் தரப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். பழமைவாத அமைப்பு ஒன்றிலிருந்து ‘அவசரம், இன்றே அழையுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்து, அதை நம்பி நாற்பது பேரை அழைக்க வைத்த பிறகு, அந்த மசோதா பத்து நாட்களுக்கு முன்பே கெடு தாண்டி இறந்துவிட்டது தெரிந்து வெட்கப்பட்டிருக்கிறேன். மின்னஞ்சலின் அடியில் நன்கொடைப் பொத்தான் மட்டும் உயிரோடு இருந்தது. அதேபோல, 2022 டிசம்பரில் 4,155 பக்க நிதி மசோதா வெளியான மூன்றே நாட்களில் செனட்டையும் நான்காம் நாளில் கீழவையையும் கடந்தபோது, படிக்காமல் வாக்களிக்கிறார்கள் என்று முழங்கிய எங்கள் கட்சியே, 2025இல் வரி, எல்லைப் பாதுகாப்பு, மருத்துவ உதவி என அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. நான் தொடக்கத்தில் சொன்ன பணம் அனுப்பும் வரியும் அதற்குள்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் வரிக் குறைப்புகளை நான் வரவேற்கிறேன். ஆயினும் ஒரு மசோதாவுக்கு ஒரு பொருள் என்று டெக்சாஸ் அரசியல் சாசனம் விதிப்பதைப் போன்ற விதி வாஷிங்டனிலும் இருந்திருந்தால், பணம் அனுப்பும் வரி தனியே விவாதிக்கப்பட்டிருக்கும் என்பதே என் கருத்து.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதல்ல. அமெரிக்க மசோதா பற்றிய ஒவ்வொரு செய்தியிலும் அதன் எண், அது இருக்கும் அவை, கடைசியாக நடந்த நடவடிக்கையின் தேதி, வாக்கெடுப்பு நடந்திருந்தால் அதன் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். காங்கிரஸ் மசோதாக்களுக்கு இவை அனைத்தும் அரசின் ‘காங்கிரஸ்.கவ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டெக்சாசுக்கும் அதேபோன்ற அரசுத் தளம் உண்டு. தாக்கலானதை வெளியிட்டால், அது இறந்ததையும் இரண்டு வரியில் வெளியிடுங்கள். தமிழர்கள் மிகுதியாக வாழும் டெக்சாஸ், கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கும் எப்போதாவது ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

டெக்சாஸ் சட்டமன்றம் வழக்கமான கூட்டத்தொடருக்காக மீண்டும் 2027 ஜனவரி 12 அன்று கூடும். மசோதாக்களை முன்கூட்டியே தாக்கல் செய்வது 2026 நவம்பரிலேயே தொடங்கிவிடும். நான் வைத்திருக்கும் பட்டியலில் எண், கொண்டுவந்தவர், குழு, கடைசித் தேதி ஆகியவற்றோடு ‘இறந்தது’ என்று ஒரு தனிக் கட்டமும் உண்டு. ஒவ்வொரு முறையும் அதிகம் நிரம்புவது அதுதான். தங்கள் செய்திப் பிரிவுக்குப் பயன்படுமானால் அதை வாரந்தோறும் தமிழில் அனுப்பித் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் டெக்சாஸ் வாசகர்