பட்டியலைக் கொஞ்சம் மடித்து வையுங்கள்: டெக்சஸ் சனிக்கிழமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சனிக்கிழமைக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் குழுவில் சுற்றிய கொள்முதல் பட்டியலைப் பார்த்தேன். ரைஃபிள், பிஸ்டல், ரவை சிதறும் ஷாட்கன் மூன்றாலும் நேரக் கணக்கில் சுடுகிற மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர் என்னென்ன வாங்க வேண்டும் என்று தம்பி ஒருவர் சிரமப்பட்டுத் தொகுத்திருக்கிறார். பெனெல்லி ஷாட்கன், எடை குறைத்த போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) போட்ட ஏஆர்-15 ரைஃபிள், '2011' என்ற பெயர் கொண்ட வகைப் பிஸ்டல், ஒன்று முதல் எட்டு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். கூட்டிப் பார்த்தால் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். அதில் எதுவும் மட்டமான பொருள் இல்லை. ஆனாலும் இந்த ஆண்டு யாரும் அதிலிருந்து எதையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். தனித்தனியாகச் சொன்னால் மனத்தாங்கலாகிவிடும். வேறு ஊர்களில் இதே போலக் கூடிச் சுடுகிற தமிழர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

துப்பாக்கிக்கு முன் விசா. எச்1பி, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நண்பருடையதை வாங்கி நாலு தோட்டா சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் அது கைவசம்தான். ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த சிலருக்கு இது தெரியவே இல்லை என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு மைதானத்துக்கு வாருங்கள். மாட்டிக்கொண்டால் வழக்கோடு விசாவும் போகும்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஊரில் துப்பாக்கியைப் பார்த்தது வங்கி வாசலில் காவலாளியின் தோளில்தான். எனக்கு அதிகப்படியாக ஒரு என்சிசி முகாம்; அங்கே வரிசையில் படுத்து .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டேன், ஐந்தில் எது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கத் தொங்குவதைப் பார்த்து மயங்காமல் இருக்க முடியாது. மூன்றாண்டுகளுக்கு முன் நானும் இதே மாதிரி ஒரு பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவன்தான்.

அன்று வாங்கிய ரைஃபிளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருந்த ஏஆர்-15. தோட்டா வெடிக்கும்போது குழலிலிருந்து கொஞ்சம் வாயு பிரிந்து, மெல்லிய குழாய் வழியாகத் திரும்பி வந்து போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். காலி உறை வெளியே போகும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தொழிற்சாலை இதில் தேவைக்கு மேலேயே வாயு விட்டு வைக்கிறது. தோட்டா மட்டமாக இருந்தாலும், உள்ளே கரி படிந்திருந்தாலும் ஓட வேண்டும் அல்லவா? போட்டிக்காரர்கள் அந்த உபரியைக் குறைக்கிறார்கள். வாயுவைத் திருகாணியால் அடக்கி, இயங்கும் பாகங்களின் எடையைக் குறைத்து, குழல் முனையில் உதை தணிக்கும் பிரேக் ஒன்றைப் பூட்டினால், சுடும்போது ஸ்கோப்பின் புள்ளி குறியை விட்டு அசைவதே தெரியாது. நான் மூன்றையும் செய்தேன். செப்டம்பர் மாத மதிய வெயிலில், நல்ல தோட்டாவில், தையல் மிஷின் மாதிரி ஓடியது. வாயுவை இன்னும் ஒரு சொடுக்கு குறைத்தேன். அப்போதும் ஓடியது.

ஜனவரியில் போட்டி. புல்லில் உறைபனி. பையில் இருந்ததோ சலுகை விலையில் பெட்டியாக வாங்கிய 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா. பஸ்ஸர் அடித்தது, முதல் குண்டு இலக்கான இரும்புத் தட்டில் பட்டது, இரண்டாம் முறை விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். காலி உறை வெளியே விழுந்திருக்கிறது, உள்ளே தோட்டா ஏறவில்லை. போல்ட் மகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) வரை முழுதாகப் பின்னே வராமல் பாதி வழியில் திரும்பிவிட்டது. குளிரில் வெடிமருந்தின் அழுத்தம் குறைந்து, எண்ணெயும் இறுகியிருந்தது. செப்டம்பரில் நான் துடைத்தெடுத்து வீசிய உபரி வாயு இந்தக் காலைக்காகத்தான் இருந்தது போலும். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்து இழுத்துச் சுட்டு முடித்தேன். எனக்கு அடுத்துச் சுட்டவர் கடையில் வாங்கியபடியே கொண்டுவந்த ரைஃபிளால் என் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கில் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

வாயுவைச் சரிசெய்யவே கூடாது என்று சொல்லவில்லை. முறை இருக்கிறது. மகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்டி நிற்கும் வரை ஒவ்வொரு சொடுக்காகத் திறந்துகொண்டே வாருங்கள். தவறாமல் பூட்டுகிற இடம் கிடைத்ததும் அங்கேயே நிறுத்தாமல் இன்னும் இரண்டு சொடுக்கு தாராளமாக விடுங்கள். இதையெல்லாம் உங்களிடம் உள்ளதிலேயே பலவீனமான தோட்டாவை வைத்து, துடைக்காத துப்பாக்கியில், குளிர்ந்த காலையில் செய்ய வேண்டும். நான் மூன்றையும் தலைகீழாகச் செய்தேன்.

இத்தனை பாடுபட்டு மிச்சமாவது என்ன? அடுத்தடுத்த இரண்டு குண்டுகளுக்கு நடுவே கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துணுக்கு. பல போட்டிகளில் காகித இலக்குக்கு நடுவில் ஒரு குண்டோ, எங்காவது இரண்டு குண்டோ பட்டால் போதும். நம்மில் பலர் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஓடிப்போய்க் காலை எங்கே ஊன்றுவது என்று யோசிக்கவே இரண்டு நொடி செலவிடுகிறோம். ரைஃபிளைப் பொறுத்தவரை இந்த ஆண்டுக்கு ஒரு வேலைதான்: நீங்கள் சுடப்போகும் அதே தோட்டாவில் 50 கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிபாருங்கள். அப்படிச் செய்தால் 100 கெஜத்தில் சற்று மேலே போகும், 200 கெஜத்தில் ஏறத்தாழ அதே புள்ளிக்குத் திரும்பும். நம் மைதானத்துக்கு அது போதும்.

இனி ஷாட்கன். பட்டியலில் இதற்கு ஒரே வரி. எனக்கோ இதைப் பற்றி மட்டும் இன்னொரு மடல் எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் நாம் நேரத்தைக் கொட்டுவது இங்கேதான். குழலுக்கு அடியில் உள்ள உருளையில் எட்டு, ஒன்பது தோட்டா பிடிக்கும். ஒரு சுற்றில் இருபது தட்டு விழ வேண்டும் என்றால் நடுவில் ஓடிக்கொண்டே நிரப்ப வேண்டும். தேர்ந்தவர்கள் இடுப்புப் பட்டையில் இரண்டிரண்டாக அடுக்கிய தோட்டாக்களை நான்காக ஒரே பிடியில் உருவுகிறார்கள். துப்பாக்கியைக் கவிழ்த்துத் தோளில் வைத்து, கட்டைவிரலால் இரண்டு, மறுபடி இரண்டு என்று உள்ளே தள்ளுகிறார்கள். பார்த்தால் சீட்டுக் கலைப்பது போல இருக்கும். நான் முதன்முறை முயன்றபோது இரண்டு உள்ளே போயின, ஒன்று காலடியில் விழுந்தது, நான்காவது, தோட்டாவை மேலேற்றும் ஏறுதகட்டுக்கும் நிரப்பும் வாசலின் விளிம்புக்கும் நடுவே என் நகத்தையும் சேர்த்துக் கவ்வியது. அந்த வாசலின் கூர் விளிம்புகளை விவரம் தெரிந்த துப்பாக்கிப் பழுதுகாரரிடம் கொடுத்து மழுக்கி, வாசலையும் அகலமாக்கிக்கொள்ளுங்கள். ஷாட்கன்னுக்குச் செலவழிக்க ஆசை இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் அது. மிச்சத்தை வீட்டில் போலித் தோட்டாவை வைத்து, தினம் பத்து நிமிடம் பழகித்தான் பெற வேண்டும். அப்போது உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

பெனெல்லி எம்2 ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வாயுவால் ஓடுவதில்லை. உதைக்கும்போது துப்பாக்கி முழுவதும் பின்னால் நகர, போல்ட் மட்டும் அசையாமல் நிற்கப் பார்க்கும். அந்த இழுபறியில் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கி, விரிந்து, போல்ட்டைத் திறக்கிறது. எளிமையான ஏற்பாடு, அழுக்கும் அதிகம் சேராது. ஆனால் நீண்ட உருளை, பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை என்று எடையைத் தொங்கவிட்டால் துப்பாக்கி நகர்வது குறையும், மென்மையான தோட்டாவில் திக்கத் தொடங்கும். பெரெட்டா 1301, மாஸ்பெர்க் 930 போன்றவை வாயுவால் ஓடுகிறவை. எது உயர்வு என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பூட்ட வேண்டியதையெல்லாம் பூட்டி, உருளையை நிரப்பி, உங்கள் தோட்டாவில் ஐம்பது சுட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரவைத் தோட்டாவும் ஸ்லக்கும் (ரவைக்குப் பதில் ஒரே பெரிய குண்டு உள்ள தோட்டா) ஒரே இடத்தில் போய் விழும் என்று நினைப்பது இன்னொரு பிழை. போன இலையுதிர் காலத்தில் நம்மில் ஒருவர் ஐம்பது கெஜத் தட்டை நோக்கி ஆறு ஸ்லக் சுட்டு, ஆறையும் பின்னால் இருந்த மண்மேட்டுக்குத் தானம் செய்தார். பிறகு அட்டையில் சுட்டுப் பார்த்தால் ஆறும் தேங்காய் அளவு வட்டத்துக்குள் அழகாக விழுகின்றன, ஒரு சாண் இடப்புறமாக. துப்பாக்கியிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. பார்த்து வைக்காததுதான் குறை. ஸ்லக்கின் பெயர் மாறினால் விழும் இடமும் மாறும். குழல் முனையில் போட்டு வாயை இறுக்கும் சோக்கும் அப்படித்தான். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்ற, இலேசாக மட்டும் இறுக்கும் சோக் போட்டுத் தொடங்குங்கள். ரவைக்கும் ஆகும், ஸ்லக்குக்கும் ஆகும். தட்டு தொலைவில் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கமானது. மிக இறுக்கமானதில் ஸ்லக் சுடாதீர்கள்.

பிஸ்டலுக்கு அதிகம் பேச ஒன்றுமில்லை. திக்காமல் ஓடும் எந்த 9 மி.மீ. பிஸ்டலும் போதும், கிளாக் வைத்திருப்பவர் கிளாக்கோடு வரட்டும். தோட்டாவை வீட்டில் தாங்களே தயாரிக்கிறவர்கள் மட்டும் பவர் ஃபாக்டர் (குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்க்கும் வலு) கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,050 அடி போனால், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 130 வரும். மைனர் என்ற பிரிவுக்குத் தேவையான 125ஐத் தாண்டிவிடும். விசையை இலேசாக்கும் வேலையை மட்டும் காணொளி பார்த்து யாரும் வீட்டில் செய்யாதீர்கள். சுட்ட துப்பாக்கியை அதற்கென வைத்த பீப்பாயில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க ஓடுகிற விளையாட்டு இது. கை நடுங்கும்போது தானாக வெடிக்கக்கூடிய விசை அங்கே யாருக்கும் வேண்டாம். குழல் முனை 180 பாகையைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினாலும், தோட்டா உள்ளே இருக்கச் சேஃப்டி போடாத துப்பாக்கியைப் பீப்பாயில் போட்டாலும் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது.

இனி என் வேண்டுகோள். அடுத்த மாத முதல் சனிக்கிழமை சுற்று எதுவும் வைக்க வேண்டாம். அன்று முழுக்க மைதானத்தின் கடைசிப் பிரிவை நமக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவரும் இருக்கிற துப்பாக்கியோடும், போட்டியில் சுடப்போகும் அதே தோட்டாவோடும் வாருங்கள். குறைந்தது பத்து ஸ்லக் வேண்டும். ஒரு காந்தமும் எடுத்து வாருங்கள். ரைஃபிள் குண்டில் ஒட்டினால் அந்தப் பெட்டியை மைதானத்தில் திறக்கவே விடமாட்டார்கள், இரும்புத் தட்டுகள் பாழாகும் என்று. அட்டை, கோந்து, அளவுகோல், தடித்த பேனா என் பொறுப்பு. பட்டியல் போட்ட தம்பி கணக்குப்பிள்ளையாக உட்காரட்டும்: யாருடைய துப்பாக்கி, எந்தத் தோட்டா, எத்தனை கெஜம், எத்தனை அங்குலம் தள்ளி, எத்தனை முறை திக்கியது. அந்த நோட்டைப் பார்த்த பிறகும் பெனெல்லிதான் வேண்டும் என்றால் கடைக்கு நானே கூட வருகிறேன்.

காலை ஏழரைக்கு வாசல் திறப்பார்கள். இட்லி எங்கள் வீட்டிலிருந்து வருகிறது, ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
குழுவில் வயதில் மூத்தவனும் ஷாட்கன் நிரப்புவதில் கடைசி ஆளும்