அப்பா பேரு கிளியர் ஆயிடுச்சு, அம்மா பேரு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம்ம மலேசியாவுல திவால்ல இருந்து விடுபட்டவங்களப் பத்தி பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. 2023ல அரசாங்கம் ரெண்டாவது வாய்ப்புன்னு சொல்லி 50,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழ கடன் உள்ளவங்கள விடுவிக்க ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் அக்டோபர் 6ல இருந்து சட்டத்தையும் தளர்த்தினாங்க, எல்லாம் நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல வரல. ஆனா விடுதலை லெட்டர் கைக்கு வந்த பிறகு அந்தக் குடும்பம் என்ன பாடு படுதுன்னு யாரும் எழுதறதில்ல, அதான் எழுதறேன்.

நான் சுங்கை சிப்புட்ல போட்டோஸ்டாட் கடை வச்சிருக்கேன். விண்ணப்பப் பாரம் நிரப்பறது, ஆன்லைன்ல விண்ணப்பம் போடறது எல்லாம் பண்ணிக் குடுக்கறேன், சுத்துவட்டாரத் தோட்டத்து சனங்க எல்லாரும் வருவாங்க, அதனால வீட்டுல பீரோக்குள்ள இருக்க வேண்டிய பேப்பரெல்லாம் என் கண்ணுல படுது.

நான் பாக்கறது என்னன்னா, ஒரு ஆளு திவால் ஆயிட்டா அவரு பேர்ல லோன் கிடையாது, திவால் விவகாரத்தப் பாக்கற இன்சொல்வென்சி இலாகாவோட அனுமதி இல்லாம வெளிநாடு போக முடியாது, சொந்த வியாபாரம் நடத்த முடியாது. ஆனா குடும்பம் ஓடணுமே. உடனே காடி (கார்) சம்சாரம் பேர்ல வரும், மோட்டார் பெரிய பையன் பேர்ல வரும், பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வேலைக்குப் போக ஆரம்பிச்ச பொண்ணு பேர்ல தவணைக்கு வரும். ஓட்டறது அப்பா, கட்டறதும் அப்பாதான், அவருக்கு ஒரு மாசம் லோரி ட்ரிப் கொறஞ்சா காடி ரெண்டு மாசம் பாக்கி நிக்கும், அது யாரு பேர்ல பதியுதுன்னு வீட்டுல யாருமே யோசிக்கறதில்ல. இப்படியே வருஷக்கணக்கா ஓடி ஒரு நாள் அப்பாவுக்கு விடுதலை லெட்டர் வருது, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து மலிவு வீட்டுக்கு பேங்க்ல லோன் போடறாங்க, போட்ட வேகத்துல ரிஜெக்ட்.

இப்படி ஒரு அக்கா என் கடைக்கு வந்தாங்க. நாட்டோட மத்திய வங்கியான பேங்க் நெகாராவோட சிக்ரிஸ் அறிக்கைய, அதாவது அவங்க பேர்ல உள்ள கடன் பதிவ, எடுத்துப் பார்த்தோம். அந்தத் தாள்ல ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி இருக்கும், அந்த வரியில கடைசி 12 மாசத்துக்கு 12 கட்டம், பாக்கி இல்லாத மாசத்துக்கு 0, ஒரு மாசம் பாக்கின்னா 1, ரெண்டு மாசம்னா 2. அந்த அக்காவோட காடி வரியில 0 தேடித்தான் பார்க்கணும், 1ம் 2ம் நடுவுல ஒரு 3ம் கெடந்துச்சு. "நான் கடனே வாங்கலயே தங்கச்சி, அவருதானே காடி ஓட்டறாரு"ன்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க. புருஷனோட தாள எடுத்தா அதுல ஒண்ணுமே இல்ல, அத்தனை வருஷம் யாரும் அவருக்குக் கடன் குடுக்கலயே, என்ன பதிவு இருக்கும். ஒரு தாள் கறை, ஒரு தாள் வெறுமை, ரெண்டையும் பார்த்தா எந்த பேங்க்தான் தைரியமா கையெழுத்துப் போடும்.

ஆனா இதுலயே ஒரு நல்லதும் இருக்கு. சனங்க நெனைக்கற மாதிரி பேங்க் நெகாராகிட்ட பிளாக்லிஸ்ட்னு ஒண்ணு கிடையாது. சிக்ரிஸ் காட்டறது கடைசி 12 மாசத்து கணக்க, லோன் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது அந்தந்த பேங்க். பாக்கிய அடைச்சிட்டு மாசாமாசம் ஒழுங்கா கட்டினா பழைய 2ம் 3ம் ஒவ்வொண்ணா கட்டத்த விட்டு வெளிய போயிடும். சிடோஸ் வேற, அது கடன் விவரம் திரட்டித் தர்ற தனியார் கம்பெனி, திவால், கோர்ட்டு கேஸ் விவரமெல்லாம் அதுல இருக்கும். அதுல பேரு தானா மாறிடும்னு உக்காந்திருக்காம விடுதலை லெட்டரோட காப்பிய அனுப்பி சரி பண்ணச் சொல்லணும். நம்ம பதிவ நாமளே பார்க்கவும் தப்பு இருந்தா திருத்தச் சொல்லவும் 2010ல வந்த கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஏஜென்சிஸ் சட்டத்துல உரிமை இருக்கு.

இது தெரியாததாலதான் ஏஜென்ட்டுங்க காட்டுல மழை. விளக்குக் கம்பத்துல ஸ்டிக்கர், வாட்சப்புல மெசேஜ், பேர கிளியர் பண்ணித் தர்றோம்னு சொல்லி காசு வாங்கறாங்க, கூடவே ஐசி (அடையாள அட்டை) காப்பி, பேங்க் கார்டு, பின் நம்பர் வரைக்கும் கேக்கறாங்க. சிக்ரிஸ்ல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அத அனுப்பின பேங்க்தான் திருத்த முடியும், வெளி ஆளு எவனாலயும் அழிக்க முடியாது. கார்டும் பின்னும் குடுத்தவங்க கடைசியில அலோங் (வட்டி முதலை) கையில மாட்டிக்கிட்டத நானே பார்த்திருக்கேன், வயிறு எரியுது.

இன்னும் சிலருக்கு விடுதலையே தொடங்கல. இப்ப உள்ள சட்டப்படி தானா விடுபடற 3 வருஷக் கணக்கு, சொத்து வருமான விவரப் பாரத்த இன்சொல்வென்சி இலாகாவுல குடுத்த நாள்ல இருந்துதான் ஓடும், அவங்க சொன்ன தொகையும் கட்டி முடிச்சிருக்கணும். இலாகா அனுப்பற லெட்டர் பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடு) விலாசத்துக்குப் போகும், அங்க லயத்த இடிச்சு செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டாச்சு. பாரமே குடுக்காதவங்களுக்கு எந்த நாள்ல இருந்து எண்றது?

இன்னொண்ணு, எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விஷயம். ஒருத்தருக்கு விடுதலைன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க. "மாமா, உங்க பேரு இப்ப கிளீன்தானே, ஒரு மோட்டார் மட்டும் எடுத்துக் குடுங்க, மாசாமாசம் நான் கட்டிடறேன்." 2017 அக்டோபர்ல இருந்து சொந்த உபயோகத்துக்கு வாங்கற வண்டிக்கும் குடியிருக்கற வீட்டுக்கும் லாபம் பார்க்காம ஜாமீன் நின்னவங்கள திவால் ஆக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு, அதக் கேட்டுட்டு பயமில்லன்னு கையெழுத்துப் போடறாங்க. ஐயா, ஜாமீன் நிக்கறது வேற, உங்க பேர்லயே கடன் எடுக்கறது வேற. பேரு உங்களதுன்னா கடன்காரர் நீங்கதான், அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

என் யோசனை இதுதான். விடுதலை ஆனதும் புதுக் கடனுக்கு ஓடாதீங்க, மொதல்ல வீட்டுல 18 வயசு தாண்டின எல்லாரோட சிக்ரிஸையும் எடுத்து மேசையில வச்சுப் பாருங்க. சம்சாரம் பேர்ல பாக்கி இருந்தா அவங்கள கடன் ஆலோசனை தர்ற ஏகேபிகேவுக்குக் கூட்டிட்டுப் போங்க, 2006ல பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு கிடையாது, பேங்க்குங்ககிட்ட பேசி தவணைய சமாளிக்கற அளவுக்கு மாத்தித் தர வழி இருக்கு. அப்பா தாள் வெறுமையா இருந்தா சின்னதா ஆரம்பிக்கலாம், கொஞ்சம் பணத்த பிக்சட் டெபாசிட் போட்டு அத வச்சு கிரெடிட் கார்டு தர்ற பேங்க்குங்க இருக்கு, பெட்ரோலுக்கு மட்டும் தேச்சு பில் வந்ததும் முழுசா கட்டினா தாள்ல 0 ஏற ஆரம்பிக்கும். சம்பள சிலிப்பும் கேப்பாங்க, குத்தகைக்காரர்கிட்ட கைக்காசா சம்பளம் வாங்கறவங்க சிலிப்பையும் ஈபிஎப்பையும் (சேமநிதி) விடாம கேட்டு வாங்கணும்.

நம்ம சனங்களுக்குக் கட்டத் தெரியாதுன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். தோட்டங்கள துண்டு போட்டு வித்தப்போ, 1960ல நம்ம ஊரு எம்பியா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. 100 வெள்ளி பங்குக்கு மாசம் 10 வெள்ளின்னு கட்டினது ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்கதான், அந்தக் காசுலதான் தோட்டமே வாங்கினாங்க.

இன்சொல்வென்சி இலாகாவுக்கும் ஏகேபிகேவுக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். ஈப்போவுக்குப் போய் வர்றதுன்னா தோட்டத்து ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. சுங்கை சிப்புட் மாதிரி ஊர்கள்ல தமிழ்ப்பள்ளி மண்டபத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வந்து உக்காருங்க, தமிழ்ல பேசற அதிகாரி இருக்கட்டும், திவால் ஆனவர மட்டும் கூப்பிடாம பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாரம் நிரப்ப என் கடையில இருந்து நானும் வந்து உக்காரறேன்.

ஆசிரியர் ஐயா, இடம் பத்தலன்னா இந்தக் கடிதத்துல எத வேணும்னாலும் வெட்டுங்க, பேங்க் நெகாராவோட ஈசிக்ரிஸ்ல (ஆன்லைன் சிக்ரிஸ்) நம்ம பதிவப் பார்க்க ஒரு காசும் கட்ட வேணாம்கறத மட்டும் பெரிய எழுத்துல போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட் (வ), பேராக்